மலேரியாவிலிருந்து மீண்ட அம்மாவைப் பார்க்க வரும் ஜெபக்குழுக்கள்: மனம் நோகாமல் எப்படிக் கட்டுப்படுத்துவது?

கேள்வி: மலைநாட்டு மகள்

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோர் ஜார்க்கண்டின் மலைக்கிராமங்களில் பல ஆண்டுகளாக மிஷனரிகளாக ஊழியம் செய்து வருகிறார்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் அம்மாவுக்கு வந்த காய்ச்சல் ஃபால்சிபாரம் வகை மலேரியா என்று தெரியவருவதற்குள் நினைவு தப்பி, சிறுநீரகமும் செயலிழந்துவிட்டது. ஆர்ட்டிசுனேட் ஊசி, டயாலிசிஸ், வென்டிலேட்டர் என்று எல்லாவற்றையும் கடந்து, கர்த்தருடைய கிருபையால் பிழைத்துக்கொண்டார். இப்போது மதுரைப் பசுமலையில் சித்தி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்.

எங்கள் ஊழியத்தைத் தாங்கும் ஜெபக்குழுக்கள் திருமங்கலம், உசிலம்பட்டி, அருப்புக்கோட்டை என்று எல்லாத் திசைகளிலிருந்தும் வேன் பிடித்து வருகிறார்கள். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அதன்பின் "நடந்ததை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள், அக்கா" என்ற வேண்டுகோள். தொண்டையில் குழாய் இருந்ததால் அம்மாவின் குரல் இன்னும் கரகரப்பாகவே இருக்கிறது. கொத்துக்கொத்தாக முடி உதிர்வதால், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, வந்தவர்கள் காபி குடித்தார்களா என்று என்னைக் கேட்கிறார். அவர்கள் போனபிறகு டம்ளரைப் பிடிக்கக்கூடக் கை நிற்பதில்லை.

பேதுருவின் மாமியைவிட்டுக் காய்ச்சல் நீங்கியவுடனே அவள் எழுந்து பணிவிடை செய்தாளே, நீங்கள் இன்னும் ஏன் படுத்திருக்கிறீர்கள் என்று ஒரு மூப்பர் அம்மாவிடமே கேட்டுவிட்டார். ஆயினும் இவர்கள்தாம் உபவாசமிருந்து ஜெபித்தவர்கள். மருத்துவமனைக் கட்டணத்துக்குப் பணம் திரட்டித் தந்தவர்களும் இவர்களே. இவர்களிடம் "வராதீர்கள்" என்று எந்த வாயால் சொல்வது? அடுத்த மாத ஸ்தோத்திர ஆராதனையில் அம்மா சாட்சி சொல்ல வேண்டும் என்றும் கேட்கிறார்கள். அம்மாவோ கோடைக்குள் ஊழியத்துக்குத் திரும்பிவிடலாம் என்கிறார்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலி

சகோதரி, தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வருகிறவர்களின் தசைகள் வெகுவாகக் கரைந்துபோயிருக்கும். நடமாட்டம் திரும்பவே மாதக்கணக்கில் ஆகலாம். தூக்கக் கலக்கம், கெட்ட கனவு, மறதி ஆகியவையும் சேர்ந்து வருவதுண்டு. முடி உதிர்வது கடும் காய்ச்சலுக்குப் பிறகு வழக்கமாக நேர்வதுதான், திரும்பவும் முளைக்கும். பிறர் கேட்கக் கேட்க அந்த நாட்களைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் எனக்குக் கவலையளிக்கிறது, ஏனெனில் அம்மாவுக்கே அவற்றில் பாதி நினைவில் இருக்காது. மீதி பயங்கரமாக இருக்கும்.

ஆர்ட்டிசுனேட் ஊசி போட்டவர்களில் சிலருக்குச் சில வாரங்கள் கழித்துச் சிவப்பணுக்கள் உடைந்து இரத்தசோகை ஏற்படுவதுண்டு. எனவே சிகிச்சைக்குப் பின் நான்கு வாரம் வரையிலாவது ஹீமோகுளோபின் பார்க்கப்பட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மறுபடி காய்ச்சல், சிறுநீர் கறுத்துப்போதல், புதிதாகக் குழப்பம், வலிப்பு, நடுக்கம் எது தென்பட்டாலும் உடனே அழைத்துச் செல்லுங்கள். இப்போதுள்ள கை நடுக்கத்தையும் சோர்வு என்று நீங்களே முடிவு கட்டாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உபவாசம் இப்போது வேண்டவே வேண்டாம்.

பதில்: உபதேசியார் பேரன்

அந்த மூப்பருக்கு மாற்கு சுவிசேஷத்திலேயே பதில் இருக்கிறது. மகள் இறந்துபோன யவீருவின் வீட்டில் இயேசு முதலில் கூட்டத்தையெல்லாம் வெளியே அனுப்பினார். பெற்றோரையும் மூன்று சீஷர்களையும் மட்டுமே உள்ளே அழைத்துக்கொண்டார். பிள்ளை எழுந்தபின் இதை ஒருவருக்கும் சொல்லாதீர்கள் என்றார், அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். சாட்சிக் கூட்டம் வைக்கச் சொல்லவில்லை.

நம் ஊர் வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்களவர்களைப் பறிகொடுத்தபோது, ஜெபித்ததோடு நின்றுவிடாமல் நோயாளிகள் தங்கி உடல் தேற இடம் தேடினார்கள். முதலில் சிறுமலையைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பிறகு 1845-இல் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்டு ராஸ் 1897-இல்தான் கண்டார். காரணம் தெரியாத காலத்திலேயே ஓய்வின் அவசியம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த மிஷனரிகள் ஊழியம் செய்த பசுமலையில் இருந்துகொண்டு இதை மறக்கலாமா? உங்கள் ஆயரிடம் சொல்லி, அவர் வாயாலேயே ஞாயிறு ஆராதனையில் அறிவிக்கச் செய்யுங்கள். குடும்பத்தின் மேல் பழி வராது.

பதில்: விடுதியில் வளர்ந்தவன்

நானும் மிஷனரி வீட்டுப் பிள்ளைதான். முந்தைய பதிலோடு பெரிதும் உடன்படுகிறேன், ஆனால் கதவை முழுவதும் அடைத்துவிடாதீர்கள். வாழ்நாளெல்லாம் ஜனங்களோடு இருந்தவரைத் தனி அறையில் வைத்தால் அதுவும் ஒரு நோயாகிவிடும். யாரைப் பார்க்க விருப்பம் என்று அம்மாவிடமே கேளுங்கள். மாலையில் அரைமணி நேரம், இருவர் மட்டும், பாட்டு வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம். மற்றக் குழுக்களை அப்பா முற்றத்திலேயே உட்கார வைத்துப் பேசட்டும். பணம் தந்தவர்களுக்கு அப்பா கைப்பட ஒரு கடிதம் எழுதினால், நேரில் பார்த்த திருப்தி அவர்களுக்கு உண்டாகும்.

ஆராதனையில் அப்பாவே நன்றி சொல்லலாம். அம்மா பேசுவதைக் கைப்பேசியில் பதிவுசெய்து தாருங்கள் என்று கேட்பவர்களுக்கு மட்டும் இணங்காதீர்கள். ஒரு குழுவுக்குத் தந்தால் மறுநாள் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் அந்தக் கரகரத்த குரல் சுற்றிக்கொண்டிருக்கும். திரும்பப் பெற முடியாது.

கேட்டவர்: மலைநாட்டு மகள்

மிக்க நன்றி. யவீருவின் வீட்டுப் பகுதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த மூப்பர் வந்தால் தாமே அதை வாசிக்கச் சொல்வதாகச் சொன்னார். ஆயர் ஞாயிற்றுக்கிழமை அறிவிக்க ஒப்புக்கொண்டார். ஊழியத்துக்குத் திரும்புவதைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். ஒருமுறை வந்துவிட்டதால் இனி மலேரியா வராது என்று அம்மா நம்புகிறார்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலி

அந்த நம்பிக்கை சரியன்று. மலேரியா ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம்; அங்கேயே வாழ்ந்ததால் ஓரளவு சேர்ந்திருக்கும் எதிர்ப்புச் சக்தியும் வெளியே வந்து நாளாக நாளாகக் குறைந்துவிடும். சிறுநீரகப் பரிசோதனை சீராக வந்து, துணையின்றிப் படி ஏறி இறங்கும் நிலை வந்த பிறகு, மருத்துவர் சம்மதித்தால் போகட்டும். போகும்போது மருந்தூட்டிய கொசுவலை கூடப் போகவேண்டும். காய்ச்சல் கண்ட அன்றே இரத்தப் பரிசோதனை செய்யும் வசதி எத்தனை தொலைவில் இருக்கிறது என்பதை அப்பா முன்கூட்டியே விசாரித்து வைக்கட்டும்.