மறுமொழி: மேட்ச் கட் – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘பொருத்த வெட்டு’ போதாதா? பார்த்ததும் புரிகிறதே.

ஒரு ஷாட்டின் உருவமோ நிறமோ அடுத்த ஷாட்டில் வேறொன்றாகத் தொடரும்படி வெட்டுவதுதான் மேட்ச் கட். ‘பொருத்த வெட்டு’ என்றால் புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. அதுதான் என் சிக்கல்.

எல்லோரும் எடுத்துக்காட்டும் அந்த எலும்பு வெட்டையே பார்ப்போம். குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ (1968). ஆதிமனிதக் குரங்கு எலும்பை மேலே எறிகிறது, அது சுழன்று ஏறி இறங்கத் தொடங்கும்போது டக்கென்று விண்வெளி, நீளமான ஒரு விண்கலம். நினைவில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்த்தேன். அப்படியெல்லாம் இல்லை! சாய்வு ஒத்துப்போகவில்லை, வேகமும் வேறு. எலும்பு விழுகிறது, கலம் மிதக்கிறது. வெளிர்வானம் போய்க் கருப்பு வந்துவிடுகிறது. மிஞ்சும் ஒற்றுமை நீளமான வெள்ளை உருவம் ஒன்றுதான். கண்ணுக்கு அதுவே போதுமாக இருக்கிறது.

> அந்த எலும்பும் முன்வீச்சுத் திரையில் எடுத்ததா?

இல்லை. குரங்குக் காட்சிகளில் பெரும்பாலானவை ஸ்டுடியோவுக்குள், பின்னணிப் படத்தை முன்பக்கத்திலிருந்து திரையில் வீசி (ஃப்ரண்ட் புரொஜெக்ஷன்) எடுத்தவை. எலும்பை மட்டும் வெளியே, நிஜ வானத்தில் எறிந்து எடுத்தார்கள். (‘முன்வீச்சு’ நல்ல சொல், அதை அப்படியே வைத்துக்கொள்வோம். கேமராவுக்கு முன்னால் 45 பாகை சாய்வில் அரைக்கண்ணாடி. பக்கத்திலிருந்து வரும் புரொஜெக்டர் ஒளி அதில் பட்டுத் திரைக்குப் போகும், திரை அதை வந்த வழியே கேமராவுக்குத் திருப்பி அனுப்பும். சிறுத்தையின் கண்ணும் அதே வேலையைத்தான் செய்கிறது. அந்தப் படத்தில் சிறுத்தையின் கண்கள் ஏன் அப்படி எரிகின்றன என்று பல வருடம் குழம்பியிருக்கிறேன்.)

சரி, சொல்லுக்கு வருவோம். என் பரிந்துரை ‘அந்தாதி வெட்டு’. செய்யுளில் ஓர் அடியின் முடிவே அடுத்த அடியின் தொடக்கமாக வருவதுதான் அந்தாதி; இங்கே ஒரு ஷாட்டின் அந்தம் அடுத்த ஷாட்டுக்கு ஆதி.

> அந்தாதியில் அதே சொல் திரும்ப வர வேண்டுமே? எலும்பும் விண்கலமும் ஒரே பொருள் அல்லவே?

வர வேண்டியதில்லை ஐயா. அந்தாதித் தொடைக்கு எழுத்து, அசை, சீர், அடி என எது திரும்பி வந்தாலும் போதும். முழு அடியும் வந்தால்தான் ஆச்சு என்று யாப்பு கேட்பதில்லை. அதே சொல் வேறு பொருளில் வந்தால் இன்னும் ரசிப்போம். எலும்பு கலமாவது அந்த வகைதான். ‘பொருத்தம்’ என்றால் எல்லாமே ஒத்துப்போக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வந்துவிடுகிறது. ‘அந்தாதி’ ஒரு நுனியை மட்டும்தான் கேட்கிறது.

‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் (1962) தீக்குச்சியை ஊதியதும் பாலைவன விடியல் வருகிறதே, அதையும் பலர் மேட்ச் கட் பட்டியலில் சேர்க்கிறார்கள். அதில் உருவ ஒற்றுமை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, நெருப்பின் நிறம் மட்டும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாவுகிறது. (தீக்குச்சியும் ஆங்கிலத்தில் ‘மேட்ச்’ என்பதால் சேர்த்துவிட்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.) அங்கே முதலில் டிசால்வ்தான் (ஒரு ஷாட் மெல்லக் கரைய அடுத்தது எழுவது) போடுவதாக இருந்தது. அந்த டிசால்வைச் செய்வதற்கு முன் நேரடி வெட்டாகத் திரையில் பார்த்தபோது அதுவே பிடித்துப்போனது. பொருத்தம் என்றால் இது தேறாது, அசை அந்தாதி என்றால் தாராளமாகத் தேறும்.

‘சைக்கோ’வில் (1960) நீர் வடியும் துளை கண்ணாக மாறுவது வெட்டே அல்ல, டிசால்வ். அதை ‘அந்தாதிக் கரைவு’ என்று சொல்லிவிடலாம். ‘பொருத்தக் கரைவு’ என்று சொல்லிப் பாருங்கள், மருந்துப் பெயர் மாதிரி இருக்கிறது.

ஒரே காட்சியின் நடுவே சற்று நேரத்தைத் தாண்டிக் குதிக்கும் ஜம்ப் கட்டுக்கு ‘தாவுவெட்டு’ என்று போன வாரமே முடித்துவிட்டோம். எலும்புக் காட்சியை அந்தப் பெயரில் அழைப்பவர்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

ஒரு சிக்கல் பாக்கி. முதல் ஷாட்டின் கடைசி ஓசை அடுத்த ஷாட்டில் வேறொரு ஓசையாகத் தொடர்ந்தால், ஓர் அலறல் ரயில் ஊதலாவது போல, அதற்கு ‘ஓசை அந்தாதி’ சரிவருமா? எனக்கு ‘ஒலி அந்தாதி’யைவிட இது காதுக்கு நன்றாக இருக்கிறது. ஒலிப்பதிவு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.