உளுந்துச் சாக்கைத் தொங்கவிட்டால் அது ஓவியமா?

மாட்பே கணக்கன் (யாங்கோன்):

வணக்கம். எனக்கு வயது 54. பயின்நவுங் மொத்தச் சந்தையில் ஒரு பயறுக் கடையில் கணக்கு எழுதுகிறேன். (மாட்பே என்றால் இங்கே உளுந்து.) ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாட்டர்கலர் போடுவேன், இருபது வருடமாக. குரு என்று சொன்னால், எங்கள் பேட்டையில் சினிமா போர்டு எழுதிக்கொண்டிருந்த ஒரு பர்மியப் பெரியவர். அவர் சொல்லித் தந்தது இரண்டே விஷயம்: வெள்ளையை டியூபிலிருந்து எடுக்காதே, காகிதத்திலேயே விட்டு வை. ஈரம் காய்கிற வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார். இரண்டாவது இன்னும் வரவில்லை.

நான் போடுவது எங்கள் தெருதான். மழைக்குக் கறுத்த சுவர், சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்று, மாடிக்கு மாடி தொங்கும் கயிறு. யாங்கோன்காரர்களுக்குத் தெரியும். நாலாம் மாடியிலிருந்து தெரு வரைக்கும் கயிறு, நுனியில் ஒரு கிளிப். பேப்பர்காரன் பேப்பரைக் கிளிப்பில் மாட்டிவிட்டு ஒரு இழுப்பு இழுத்தால் மேலே மணி அடிக்கும். அந்தக் கயிறு காற்றில் லேசாக வளையும் பாருங்கள், அதை ஒரே இழுப்பில் பிரஷ்ஷால் கொண்டுவர எனக்கு ஆறு வருடம் ஆயிற்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மழைக்காலம் முடிந்ததும் ஒன்பது படத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு, நகரத்தில் ஒரு கேலரிக்கு எடுத்துப் போனேன். பெயர் வேண்டாம். இருந்தவர் மரியாதையாகத்தான் பார்த்தார். "கை நல்ல கை. ஆனால் இது என் தாத்தா காலத்துப் படம். போஜோ மார்க்கெட்டில் கேட்டுப் பாருங்கள்" என்றார். அங்கேயும் போனேன். கடைக்காரர் ஒன்பதையும் சீட்டுக்கட்டு மாதிரி புரட்டிவிட்டு, "குடை பிடித்த பிக்கு இல்லையா? பகான் கோபுரம்? டூரிஸ்டு வந்தால் இந்தப் பாசி பிடித்த சுவரை எதற்கு வாங்குவான்?" என்றார். ஒரே நாளில் இங்கே பழசு, அங்கே அழுக்கு.

இது கூடப் பரவாயில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு சமகால ஓவியக் கண்காட்சிக்குப் போனேன். சுவரில் ஒரு படமும் இல்லை. கூரையிலிருந்து சணல் சாக்குகள், எண்ணிப் பார்த்தேன், இருபத்தெட்டு, நைலான் நூலில் தொங்குகின்றன. கீழே தரையெல்லாம் உளுந்து. நாள் முழுக்க நான் பார்க்கிற அதே சாக்கு, அதே மாட்பே. சாக்கில் எஸ்.க்யூ. என்று அச்சு, அதாவது உயர்ந்த ரகம். ஆனால் கீழே கிடந்த பருப்பைப் பார்த்தாலே தெரிகிறது, அது எஃப்.ஏ.க்யூ., சராசரி ரகம். அப்படிப் போட்டு ஏற்றினால் சென்னையில் இறக்கும்போதே சண்டை வரும். வாய்த் தையலும் தப்பு. எங்கள் ஆட்கள் கோணி ஊசியால் இரண்டு மூலையிலும் காது விட்டுத் தைப்பார்கள், தூக்க வசதியாக. இங்கே தலையணை உறை மாதிரி நேராகத் தைத்திருக்கிறது.

கை சும்மா இருக்கவில்லை. குனிந்து ஒரு உளுந்தை எடுத்துப் பல்லால் கடித்துவிட்டேன். ஈரம் பார்ப்பதற்கு முப்பது வருடப் பழக்கம். (நன்றாகக் காய்ந்திருந்தது. "டக்" என்று உடைந்தது.) காவலுக்கு இருந்த பெண் ஓடி வந்து, "ஐயா, அது படைப்பு" என்றாள். நான் அந்தப் படைப்பை விழுங்கியிருந்தேன்.

இப்போது என் கேள்வி. இந்த மாதிரிக் காட்சியை எப்படிப் பார்ப்பது? கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்கிறேன். நான் இனிமேல் தெருப் படம் போடலாமா, இல்லை மாற வேண்டுமா? குழுக் கண்காட்சிக்கு ஒரு இடத்தில் ஐந்து படம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

—

சட்டம் மாட்டும் அண்ணன் (யாங்கோன்):

தம்பி, முதலில் படம் எப்படி இருக்கிறது என்று சொல்லு. வாட்டர்கலரை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரு மழைக்காலம் வைத்திருந்தாய் என்றால் பாதிப் படத்தில் பூஞ்சைப் புள்ளி வந்திருக்கும். கலை அப்புறம். உறையிலிருந்து எடு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் சாதாக் காகிதம் வை, தரையில் அடுக்காதே. கண்ணாடி போட்டால் படத்தில் ஒட்டக் கூடாது, நடுவில் மவுண்ட் அட்டை வேண்டும். இங்கே ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காகிதம் தண்ணீர் குடிக்கும்.

நான் முப்பத்தைந்து வருடமாகப் பெயிண்டர்களுக்குச் சட்டம் அடித்துக் கொடுக்கிறேன். நீ பான்ஸோடான் தெருவில் லோகநாத் கேலரிக்குப் போனதுண்டா? 1971இல் ஓவியர்களே கூடி ஆரம்பித்தது, 1906இல் கட்டிய சோஃபேர் கட்டடத்தில் மாடியில் இருக்கிறது. பெயரைக் கேட்டு நம்ம ஊர் லோகநாதன் யாரோ முதலாளி என்று நினைத்துவிடாதே, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அது ஒரு போதிசத்துவர் பெயர். போனால் சுவரைப் பார்ப்பதற்கு முன் தரை ஓட்டைப் பார். மான்செஸ்டரிலிருந்து வந்த ஓடு.

சாக்கு விஷயத்துக்கு வருகிறேன். 2012 வாக்கில் தணிக்கைக் கெடுபிடி தளரும் வரைக்கும் இங்கே கண்காட்சி எப்படி நடந்தது தெரியுமா? படமெல்லாம் மாட்டி முடித்த பிறகு அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். இறக்கு என்றால் இறக்க வேண்டும். சிவப்பு கூடினால் ஏன் சிவப்பு, கறுப்பு கூடினால் ஏன் கறுப்பு. நான் மாட்டிய சட்டத்தை நானே கழற்றி, சுவரில் ஆணி மட்டும் நிற்க, அப்படியே திறப்பு விழா நடந்திருக்கிறது. அந்தக் காலத்தில் வளர்ந்த ஆட்கள் நேராகச் சொல்லப் பழகவில்லை, நூல், சாக்கு, துணி, கம்பி என்று சுற்றிவளைத்துச் சொல்லப் பழகினார்கள். இளசுகள் அவர்களிடம் கற்றுக்கொண்டதுதான் இது. அதற்காக எல்லாச் சாக்கும் நல்ல சாக்கு என்று நான் சொல்லவில்லை. சட்டம் அடிக்க வேலை இல்லாத கலை எனக்கு எப்போதும் கொஞ்சம் கசப்புதான்.

ஐந்து படம் கேட்டால் கொடு. ஆனால் இடத்துக்குக் காசு கேட்கிறார்களா, விற்றால் எவ்வளவு எடுத்துக்கொள்வார்கள், விற்காத படம் என்றைக்குத் திரும்பும், மூன்றையும் காகிதத்தில் வாங்கு.

—

மோல்மேன் டீச்சர்:

அண்ணே, "தாத்தா காலத்துப் படம்" என்று சொன்னவர் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அந்தத் தாத்தாக்கள் லேசுப்பட்டவர்களா? ஊ பா ஞான் 1921இல் லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்து இங்கே ஆயில் பெயிண்டிங்கை வேரூன்ற வைத்தார். ஊ பா ஸோவின் வாட்டர்கலரைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே எத்தனை பேர்! உங்களுடைய ஈரக் காகித வித்தை அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் சாக்கைத் திட்டுவதற்கு முன் பஜி அவுங் ஸோ பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1951இல் சாந்திநிகேதன் போனவர். திரும்பி வந்து பத்திரிகைகளுக்குப் படம் போட்டார். கோடும் கட்டமுமாக அவர் போட்டதைப் பார்த்து "சித்தப் பிரமை ஓவியம்" என்று பர்மிய மொழியில் பெயர் வைத்துவிட்டார்கள், 1950களில். நவீன ஓவியத்துக்கே இங்கே அந்த வசைப்பெயர் ரொம்ப நாள் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் 1990இல் காலமாகிற வரைக்கும் கேலரியை விடப் பத்திரிகைப் பக்கத்தில்தான் ஜனங்கள் அவரைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் அப்பா வாங்கிய பழைய பத்திரிகைகளில் அவர் படம் இருந்தது. நான் சின்னப் பிள்ளையில் அதற்கு மேல் மீசை வரைந்திருக்கிறேன், பாவி.

ஒன்று கேட்கட்டுமா? கண்காட்சியில் வேறு யாராவது அந்த உளுந்தைக் கடித்துப் பார்த்தார்களா? நீங்கள் தையலைப் பார்த்தீர்கள், ரகத்தைப் பார்த்தீர்கள், ஈரம் பார்த்தீர்கள். மற்றவர்கள் செல்ஃபி எடுத்திருப்பார்கள். படைத்தவர் ஆசைப்பட்ட பார்வையாளர் நீங்கள்தானோ என்னவோ.

—

சென்னைவாசி:

இங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று ஆரம்பித்தது. அவர் நிலக்காட்சியும் மனிதர்களும் போட்டவர்தான், 1960களில் "சொற்களும் குறியீடுகளும்" வரிசைக்கு மாறினார். எழுத்து, கணக்கு, ஜாதகக் கட்டம் மாதிரி கோடுகள். நீங்கள் கணக்கர் வேறு. மாறுவதற்குப் பயப்படாதீர்கள் சார், சமகாலத்துக்கு வாருங்கள்.

—

மாட்பே கணக்கன்:

எல்லோருக்கும் நன்றி. அண்ணே, ஒன்பதில் நாலில் புள்ளி வந்துவிட்டது. நீங்கள் சொன்ன அன்றைக்கே பிரித்துப் போட்டேன். வீட்டில் கட்டில் மேலெல்லாம் படம், மனைவி தரையில் படுக்கிறாள்.

சென்னை சாருக்கு: பணிக்கர் படம் அச்சில் பார்த்திருக்கிறேன், பிடிக்கும். ஆனால் நான் ஆறு நாள் கணக்கு எழுதுகிறவன். ஏழாம் நாளும் கட்டம் போடச் சொன்னால் எப்படி? எனக்குக் கயிறு போதும்.

டீச்சரம்மா கேட்ட கேள்வி ராத்திரி தூங்க விடவில்லை. போன ஞாயிறு, கடைசி நாள், மறுபடி போனேன். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். படைத்தவரும் இருந்தார், என் மகன் வயது இருக்கும். மனதில் இருந்ததை எல்லாம் சொன்னேன்: ரகம் தப்பு, தையல் தப்பு, காது இல்லாத சாக்கை எந்தச் சுமைகாரனும் தோளில் ஏற்ற மாட்டான். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டான். அவன் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவராம், அவனுக்கு நினைவு தெரிகிற முன்னாலேயே இறந்துபோனாராம். சாக்கை அவன் கடையில் காலியாக வாங்கி, யூடியூப் பார்த்துத் தைத்திருக்கிறான்.

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. ஒரு சாக்கைக் கீழே இறக்கச் சொல்லி, தையலைப் பிரித்து, ஒரு மூலைக்குக் காது விட்டுத் தைத்துக் காட்டினேன். கோணி ஊசி அவனிடம் இல்லை, குடை ரிப்பேர் ஊசிதான் இருந்தது, கை வலித்தது. அவன் போனில் வீடியோ எடுத்தான். அது கலையா என்று எனக்கு இப்போதும் முடிவாகச் சொல்ல முடியவில்லை. எஃப்.ஏ.க்யூ.வை எஸ்.க்யூ. சாக்கில் போட்டது மட்டும் தப்புதான், அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது புதுச் சிக்கல். அடுத்த கண்காட்சிக்கு அறுபது சாக்கு. வந்து தைத்துத் தர முடியுமா என்று கேட்கிறான். இன்னொன்றும் கேட்டான், நான் போனில் காட்டிய கயிற்றுப் படத்தை அதே அறையில் ஒரு சுவரில் தனியாக மாட்டலாமா என்று. மவுண்ட் போட்டு, கண்ணாடி போட்டு. தைப்பதற்குக் கூலி வாங்கலாமா, இல்லை பெயர் போடச் சொல்லலாமா? இரண்டும் கேட்டால் ஆசைக்காரன் என்று நினைப்பானோ?

—

சட்டம் மாட்டும் அண்ணன்:

இரண்டையும் கேள். சாக்குக்கு இவ்வளவு என்று பேசிக்கொள், பெயரைப் பர்மியத்திலும் தமிழிலும் போடச் சொல். கயிற்றுப் படம் என்ன அளவு? சட்டத்தை நான் அடிக்கிறேன், தேக்கு மிச்சம் கிடக்கிறது. சனிக்கிழமை கரண்டு இருக்கிற நேரமாகப் பார்த்து வா.