மறு: மயக்கமருந்து ஆவியாக்கியில் ‘குறுக்கு மாசு’ சரிதானா?

அண்ணாச்சிக்கும் குழுமத்தாருக்கும் வணக்கம்.

ஒரு மயக்கமருந்து இன்னொன்றின் ஆவியாக்கிக்குள் போய்விடுவதை ஆங்கிலத்தில் கிராஸ் கன்டாமினேஷன் என்பார்கள். அதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் அண்ணாச்சி தந்த ‘குறுக்கு மாசு’ கிருமித் தொற்றுப் பாடத்துக்குப் பொருந்தும். திரவ மயக்கமருந்தை ஆவியாக்கி அளவோடு நோயாளிக்கு அனுப்பும் பெட்டியான ஆவியாக்கிக்கு ஒட்டவில்லை. ஐசோஃபுளூரேன் பெட்டியில் செவோஃபுளூரேன் விழுந்தால் எது மாசு? இரண்டுமே நல்ல மருந்து, இடம்தான் தப்பு.

‘கலப்படம்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். மார்த்தாண்டம் பக்கம் அதைச் சொன்னால், தேனில் சர்க்கரைப்பாகு ஊற்றியவனைத்தான் தேடுவார்கள்! அறுவை அரங்கில் யாரும் வேண்டுமென்றே கலப்பதில்லை.

விஷயம் சின்னதல்ல. 20 டிகிரி செல்சியஸில் ஐசோவின் ஆவியழுத்தம் (எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்பதன் அளவு) ஏறக்குறைய 240 மில்லிமீட்டர் பாதரசம், செவோவுக்கு 160தான். ஆவியைக் கூட்டிக் குறைக்கும் ஒவ்வொரு பெட்டியின் திருகும் அதனதன் மருந்துக்கென்றே அளவு குறிக்கப்பட்டது. செவோவின் மஞ்சள் பெட்டியில் ஐசோவை ஊற்றித் திருகை 2 சதவீதத்தில் வைத்தால், வெளியே வருவது 3 சதவீதத்துக்கும் மேல். போதாததற்கு ஐசோவுக்கு வீரியமும் அதிகம்: அது சுமார் 1.2 சதவீதத்தில் முடிக்கிற வேலைக்குச் செவோ 2 சதவீதம் வேண்டும். இரத்த அழுத்தம் சரிந்த பிறகுதான் சந்தேகமே வரும். ஐசோவின் ஊதாப் பெட்டியில் செவோ போனால் கதை தலைகீழ், நோயாளி பாதி விழிப்பில் கிடப்பார்.

எங்கள் நாகர்கோவில் பேச்சில் ‘மாறி ஊத்தியாச்சு’ என்றால் போதும், எல்லோருக்கும் புரியும். ஆனால் அது பாதிதான். வரிசையாக மாட்டிய இரண்டு பெட்டிகளும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால், முன்னதன் ஆவி பின்னதற்குள் போய்க் கரைந்து தங்கிவிடும். இங்கே யாரும் எதையும் ஊற்றவில்லை. புது எந்திரங்களில் ஒன்றைத் திறந்தால் மற்றது பூட்டிக்கொள்ளும், பழையவற்றில் அது இருக்கும் என்று நம்ப முடியாது.

ஆகவே என் பரிந்துரை ‘பிறமருந்துக் கலப்பு’. பிறமொழிக் கலப்பு என்று நாமே இங்கே ஓயாமல் புலம்புகிறோம், அதே அச்சுதான். விளக்கமில்லாமலே புரியும், யார்மேலும் பழியும் போடாது. வழியைப் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘நிரப்புவழிக் கலப்பு’, ‘ஆவிவழிக் கலப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆவியாக்கி அப்படியே இருக்கட்டும், அதை மாற்ற வேண்டியதில்லை.

அப்புறம் ஒன்று. அந்தந்த மருந்தின் புட்டிக்கு மட்டுமே இடம் கொடுக்கும் நிரப்பு முனைக்கு ‘சாவிமுனை’ என்று பட்டியலில் இருக்கிறது. அதைப் படித்தால் பூட்டுதான் ஞாபகம் வருகிறது. ‘பொருந்துமுனை’ எப்படி, அண்ணாச்சி?