ராதிகா நடிகையாக நின்றாரா, முதலாளியாக நின்றாரா?

ஒன்பதரை_மணி
நேற்று ராத்திரி வீட்டில் ஆரம்பித்த சண்டை இது. சின்னத்திரையில் ராதிகா அளவுக்கு நீண்ட நாள் நின்றவர் யாரும் இல்லை என்றேன். 1999 கடைசியில் ‘சித்தி’, அப்புறம் ‘அண்ணாமலை’, ‘செல்வி’, ‘அரசி’, ‘செல்லமே’, 2013 முதல் 2018 வரை ‘வாணி ராணி’. ஏறக்குறைய இருபது வருஷம், எல்லாம் சன் டிவி, எல்லாவற்றிலும் கதையின் நடுவில் அவர். “அதெல்லாம் நடிப்பு இல்லை அண்ணே, கம்பெனி அவருடையது, அதனால் நின்றார்” என்று தம்பி ஒரே வரியில் முடித்துவிட்டான். எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

சாலிகிராமத்தான்
உங்கள் தம்பிக்குத்தான் என் ஓட்டு. அந்தக் காலத்து சன் டிவி ஏற்பாடு தெரிந்தால் சண்டையே வராது. சீரியல் எடுப்பவர் சானலுக்குக் கட்டணம் கட்டி அந்த அரை மணி நேரத்தை வாங்க வேண்டும். அதில் வரும் விளம்பர நேரத்தை அவரே விற்றுப் பணம் பார்க்க வேண்டும். லாபமும் அவருக்கு, நஷ்டமும் அவருக்கு. ராதிகாவின் ராடான் அப்படி வளர்ந்து, பங்குச் சந்தை வரைக்கும் போன கம்பெனி. ரம்யா கிருஷ்ணன் நடத்திய ‘தங்க வேட்டை’கூட ராடான் சரக்குதான். ஒரு சீரியல் முடியும்போது அடுத்த கதை அவர் கையில் தயாராக இருந்தது. மற்ற நடிகைக்கு ஒரு சீரியல் முடிந்தால் போனை எடுத்து மேனேஜர்களைக் கூப்பிட வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைத்து ‘யார் அதிக நாள் நின்றார்’ என்று கேட்பது நியாயமா?

கிளிசரின்_வேண்டாம்
தராசு, கட்டணம், பங்குச் சந்தை, எல்லாம் சரிதான். அந்த அரை மணி நேரத்தை வாங்கியவர் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? பணம் கட்டினால் நேரம் கிடைக்கும், ஜனம் கிடைக்காது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ‘வாணி ராணி’ ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மாவுக்குக் கண்ணில் ஆபரேஷன். ஒரு வாரம் டிவி பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா உள் அறையில் படுத்துக்கொண்டு, கதவை மட்டும் திறந்து வைக்கச் சொன்னாள். இரண்டு வேஷமும் ராதிகாதான், இரட்டைச் சகோதரிகள். கண்ணால் பார்த்தால் புடவையையும் பொட்டையும் வைத்து யார் என்று சொல்லிவிடலாம். அம்மாவோ படுத்த இடத்திலிருந்தே “இப்போ பேசுறது ராணி... இப்போ வாணி வந்துட்டா” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. வக்கீல் வாணிக்கு ஒரு நிதானம், ராணிக்கு ஒரு படபடப்பு, இரண்டும் அந்தக் கரகரப்பான ஒரே தொண்டையிலிருந்து. இதை எந்தக் கம்பெனி கொடுத்தது?

ஒன்பதரை_மணி
அக்கா, இதை அப்படியே தம்பிக்கு அனுப்பிவிட்டேன். ‘பார்த்தாயிற்று’ என்று காட்டுகிறது, பதில் இல்லை.

சாலிகிராமத்தான்
குரலைப் பற்றிச் சொன்னது சரி, மறுக்கவில்லை. ஆனால் சொந்தக் குரலில் பேசும் வாய்ப்பு எத்தனை சீரியல் நடிகைகளுக்குக் கிடைக்கிறது? பெங்களூரிலிருந்தோ கேரளாவிலிருந்தோ கதாநாயகி வருவார், குரலுக்கு டப்பிங் தியேட்டரில் வேறொரு பெண் உட்கார்ந்திருப்பார். முகம் ஒருவர், குரல் இன்னொருவர் என்றாகிவிட்டால் இரண்டில் எதை மாற்றினாலும் சீரியல் பாட்டுக்கு ஓடும். அப்படி ஒருவர் மாறும்போது திரையில் வருமே ஒரு வரி: ‘இனி இவருக்குப் பதில் இவர்’. தமிழ் சீரியலில் அதைவிடக் கொடுமையான வசனத்தை யாரும் எழுதியதில்லை. அந்தக் கார்டு முதலாளியம்மாவுக்கு வராது. அதைத்தான் சொல்கிறேன்.

அபி_ரசிகை
அப்படியானால் தேவயானியை எங்கே வைப்பீர்கள்? ‘கோலங்கள்’ விகடன் டெலிவிஸ்டாஸ் தயாரிப்பு, இயக்கம் திருச்செல்வம். தேவயானி அதில் நடிகை மட்டுமே. 2003 முதல் 2009 வரை, ஆயிரத்து ஐந்நூறு எபிசோடுக்கு மேல், அபி என்றால் அவர்தான். எத்தனையோ சீரியலில் ஆள் மாறினார்கள், அபி மாறவில்லையே!

சாலிகிராமத்தான்
1996லேயே ‘காதல் கோட்டை’யில் நடித்து ஊருக்கே தெரிந்த முகம் அம்மா அவர். ராதிகாவும் 1978இல் ‘கிழக்கே போகும் ரயில்’ ஏறி வந்தவர். ‘தங்கம்’, ‘வம்சம்’ என்று வந்த ரம்யா கிருஷ்ணனும் அப்படியே. சினிமாவில் சம்பாதித்த பெயரைக் கொண்டுவந்து இங்கே முதலீடு போட்டவர்கள். சின்னத்திரையிலேயே பிறந்து சின்னத்திரையிலேயே இருபது வருஷம் கதாநாயகியாக நின்ற ஒருவரைச் சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கிளிசரின்_வேண்டாம்
இது என்ன, ஓட ஓட எல்லைக் கோட்டைத் தள்ளி வைக்கிறீர்கள்! முதலில் கம்பெனி என்றீர்கள், இப்போது சினிமா என்கிறீர்கள். சினிமாவிலிருந்து வந்து நாலு மாதத்தில் காணாமல் போனவர்களும் உண்டு.

வெட்டி_ஒட்டுபவன்
நான் சில வருஷம் எடிட்டிங்கில் உதவியாளாக இருந்தவன் (எந்த சீரியல் என்று கேட்காதீர்கள்). அந்த ‘இவருக்குப் பதில் இவர்’ கார்டை நானே செய்திருக்கிறேன். புது நடிகையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். சிரித்த முகமாக ஒரு போட்டோ, மஞ்சள் எழுத்து, ஐந்து வினாடி. போகிறவருடைய போட்டோவை வைக்க மாட்டோம். ஒரு தடவை, விலகிய பெண் அடுத்த நாள் போன் செய்து, தன் புடவைகள் மேக்கப் அறையில் இருக்கின்றன, யாரிடமாவது கொடுத்தனுப்ப முடியுமா என்று கேட்டார். சொந்தப் புடவை. அவர் அணிந்த ஒன்றைப் புதுப் பெண் ஏற்கெனவே கட்டி ஒரு காட்சி எடுத்தாகிவிட்டது, கண்டினியூட்டிக்காக, அதாவது காட்சிக்குக் காட்சி உடை மாறிவிடக் கூடாது என்பதற்காக. அது வரவே இல்லை என்று நினைக்கிறேன்.

சண்டை நடக்கட்டும். இதைச் சொல்லத் தோன்றியது.

அபி_ரசிகை
அந்தப் புடவை மனசை விட்டுப் போகாது போலிருக்கிறது.

ஒன்பதரை_மணி
தம்பி கடைசியில் பதில் போட்டுவிட்டான். “2020இல் ‘சித்தி 2’ வந்தது. 2021இல் அரசியலுக்காக ராதிகா அதிலிருந்து விலகினார். அப்புறமும் சீரியல் வெண்பா, கவின் என்ற மற்ற பாத்திரங்களை வைத்து ஓடியதே. சித்தியே இல்லாமல் ‘சித்தி’ ஓடியது என்றால் நடிப்பா முக்கியம்?” என்கிறான்.

கிளிசரின்_வேண்டாம்
ஓடியது, அந்த வருஷத்தோடு முடிந்தும் போனது. எங்கள் வீட்டில் அவர் போன வாரமே சானலை மாற்றிவிட்டோம். தம்பியிடம் ஒன்று கேளுங்கள்: அவர் போன பிறகு ஒரு எபிசோடாவது உட்கார்ந்து பார்த்தானா?

ஒன்பதரை_மணி
கேட்டேன். “அம்மா பார்த்தாங்க, நான் பக்கத்துல இருந்தேன்” என்கிறான்.