அப்டேட்: பொம்பளப் பிள்ளைங்க ஹாஸ்டல் விஷயம்

போன மாசம் எழுதியிருந்தேன்ல, மதுராந்தகம் பக்கம் ஒரு கிராமத்துல இருக்கற குழந்தைகள் இல்லத்துல பொண்ணுங்க பழைய ஷெட்லதான் தூங்குறாங்க, கக்கூஸுக்கு ராத்திரி இருட்டுல தோட்டத்தைத் தாண்டிப் போகணும்னு, அதுக்கு நாம பெரம்பூர் பசங்க சேர்ந்து காசு போட்டு ரூம் கட்டலாமான்னு கேட்டிருந்தேன்.

ஞாயித்துக்கிழமை நேர்ல போயிட்டு வந்தோம். கூட வந்த இன்ஜினியர் அக்கா டேப்பை எடுத்து அளந்துட்டு, தூங்கற இடம் ஒரு பிள்ளைக்கு 40 சதுர அடியாவது வேணும், சிறார் நீதிச் சட்டத்துக்கு (பிள்ளைங்க பராமரிப்பு, பாதுகாப்புக்கான சட்டம்) மத்திய அரசு 2016ல போட்ட மாதிரி விதிகள்லயே இருக்கு, இங்க அதுல பாதிகூட இல்லன்னாங்க. சிசிடிவி வைக்கலாம்னு நான்தான் பெருசா பேசிட்டிருந்தேன், அதுக்கு ஒரு பத்தாவது படிக்கிற பொண்ணு "கேமரா இருக்கட்டும் அண்ணா, பாத்ரூமுக்கு உள்தாப்பாள் போட்டுக் குடுங்க"ன்னு சொல்லிச்சு, எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அன்னைக்கே தாப்பாள், ரெண்டு எல்இடி லைட்டு போட்டாச்சு. ரூம் கட்டறதுக்கு முன்னாடி பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான 2014 தமிழ்நாடு சட்டப்படி கலெக்டர் குடுக்கற லைசென்ஸ், சிறார் நீதிச் சட்டப் பதிவு ரெண்டு பேப்பரையும் காட்டச் சொல்லியிருக்கோம், இதுல சிலருக்குக் கோவம், பரவால்ல. ராத்திரி கூடவே தங்கற பெண் வார்டன் கண்டிப்பா வேணும்னும் சொல்லிட்டோம். 1098ங்கற குழந்தைகள் உதவி நம்பரை பெருசா எழுதி சுவத்துல ஒட்டிட்டு வந்தோம். பேப்பர் வந்ததும் எஸ்டிமேட் போடறேன், அதுவரைக்கும் யாரும் காசு அனுப்பாதீங்க.