சரவாங்கி வலி உச்சத்துக்குப் போகும் நாட்களை வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

குடந்தை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். 14 மாதங்களுக்கு முன்பு இரண்டு கைகளிலும் விரல் கணுக்களும் மணிக்கட்டுகளும் ஒரே சமயத்தில் வீங்கத் தொடங்கின. சிக்குன்குனியா வந்து போனதன் மிச்சமாக இருக்கும் என்று முதலில் நினைத்தோம். வாரங்கள் கடந்தும் வீக்கம் வடியாததால் மூட்டுவாத மருத்துவரிடம் சென்றேன். இரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு இது முடக்குவாதம், நம் ஊர்ப் பேச்சில் சரவாங்கி, என்று அவர் உறுதிசெய்தார். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், மறுநாள் ஃபோலிக் அமிலம், தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுத்து வருகிறேன்.

மூன்றாவது மாதத்திலிருந்தே நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆனாலும் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நோய் சீறி எழுகிறது. அந்த நாட்களில் காலையில் எழுந்து இரண்டு மணி நேரம் வரை விரல்கள் மடங்குவதில்லை. குழாயைத் திருக முடியவில்லை, குக்கர் மூடியைத் திறக்க முடியவில்லை, கோலமாவை இரு விரல்களுக்கு நடுவே பிடிக்கவும் முடியவில்லை. உடம்பு முழுவதும் அடித்துப் போட்டதுபோன்ற அசதியும் சேர்ந்துகொள்கிறது. மருத்துவரின் அடுத்த சந்திப்புக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன.

இத்தகைய நாட்களில் ஓய்வெடுப்பதா, கைகளை அசைத்துக்கொண்டே இருப்பதா? ஒத்தடம் வெந்நீரிலா, பனிக்கட்டியிலா? மருந்துக்கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா? இவற்றோடு வீட்டில் எழுந்திருக்கும் ஒரு பேச்சையும் சொல்லிவிடுகிறேன். "இவ்வளவு மாத்திரை சாப்பிட்டும் வலி வருகிறதே, அதை நிறுத்திவிட்டுச் சூரணம் சாப்பிட்டுப் பார்" என்று என் மாமியார் உண்மையான அக்கறையோடுதான் சொல்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மதுரை வாசகி:

சகோதரி, நான் இந்த நோயோடு 22 ஆண்டுகளாக வாழ்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் காலை நேரத்தை நான் அப்படியே அறிவேன்.

முதலில் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வலி மிகுந்த நாட்களில் நாம் செய்யும் பெரிய தவறுகள் எல்லாம் அதைச் சுற்றித்தான் நிகழ்கின்றன. மெத்தோட்ரெக்சேட் வலி மாத்திரை அன்று. நம் உடம்பின் நோய் எதிர்ப்பு ஆற்றல் நம்முடைய மூட்டுகளின் உட்சவ்வையே பகையாக எண்ணித் தாக்குவதை அது தணிக்கிறது. தொடங்கியபின் அதன் பலன் தெரியவே ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். இன்று வலிக்கிறது என்பதற்காக நாளை இன்னொரு மாத்திரை போட்டால் வலி குறையாது, நஞ்சாகத்தான் மாறும். வாரம் ஒருமுறை எடுக்க வேண்டியதைத் தவறுதலாகத் தினமும் எடுத்து, வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போனவர்கள் உண்டு. நான் ஞாயிற்றுக்கிழமை இரவு எடுக்கிறேன். எடுத்தவுடன் தினசரி நாட்காட்டியின் அந்தத் தாளில் ஒரு வட்டம் போட்டுவிடுவேன். வலி வருகிறதே என்று அதை நிறுத்துவதும் அதே அளவு தவறு. நிறுத்திய வாரத்தில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். பிறகு திரும்பி வரும் சீற்றம் முன்னைவிடக் கடுமையாக இருக்கக்கூடும். நான் ஒருமுறை நான்கு மாதங்கள் நிறுத்தினேன். வலது கையின் இரண்டு விரல்கள் அப்போது சாய்ந்தவைதாம், இன்றுவரை நிமிரவில்லை.

வலி மாத்திரையைப் பொறுத்தவரை, கடையில் பெயர் சொல்லாமல் "மூட்டு வலிக்கு ஒன்று கொடுங்கள்" என்று வாங்காதீர்கள். ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் ஆகியவை எல்லாம் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. ஒன்றோடு இன்னொன்றைச் சேர்த்தால் பலன் கூடாது, வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கேடும்தான் கூடும். மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் நாம் இவற்றில் எதை, எத்தனை நாள் எடுக்கலாம் என்பதை நம் மருத்துவரே சொல்ல வேண்டும். பாராசிட்டமால் ஓரளவு பாதுகாப்பானது. ஆனால் பல வலி மாத்திரைகளில் அதுவும் கலந்தே வருவதால், அட்டையைப் படித்துக் கணக்கிட வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டவே கூடாது; கல்லீரலைக் கவனிக்க வேண்டிய நமக்கு மருத்துவர் அதற்கும் குறைவான அளவைத்தான் சொல்வார்.

மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்து, "நோய் சீறியிருக்கிறது, இத்தனை மூட்டுகள் வீங்கியிருக்கின்றன, காலை இறுக்கம் இத்தனை நிமிடம் நீடிக்கிறது" என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். வெறுமனே "வலி அதிகம்" என்று சொன்னால் அது யார் காதிலும் ஏறுவதில்லை. வீங்கிய கைகளைத் தினமும் காலையில் ஒரே வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள், ஏனென்றால் மருத்துவரைப் பார்க்கும் நாளில் பெரும்பாலும் வீக்கம் வடிந்திருக்கும், நாம் சொல்வது நமக்கே மிகையாகத் தோன்றும். அடுத்த முறை இப்படி வந்தால் என்ன மருந்தை, எவ்வளவு, எத்தனை நாள் எடுப்பது என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குச் சில சமயம் குறுகிய காலத்துக்கு பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை தருவார்கள். அதை நாமாகத் தொடங்கவும் கூடாது, பல வாரங்கள் எடுத்தபின் நாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

வீட்டு வேலையில் நான் கற்றுக்கொண்டவை சிறியவை. இரவு படுக்கும்முன் காலைக்கான காய்களை யாரையாவது நறுக்கி வைக்கச் சொல்வேன். தேங்காய் துருவுவதையும் துணி பிழிவதையும் அந்த நாட்களில் தொடவே மாட்டேன். ஈரத்துணியைக் குழாயின் கழுத்தில் சுற்றித் தொங்கவிட்டால் தண்ணீர் தானாக வடிந்துவிடும். குளியலறைக் குழாயைத் திருகும் வகையிலிருந்து நீண்ட கைப்பிடியைத் தள்ளித் திறக்கும் வகைக்கு மாற்றினோம். வேறு எந்தச் செலவும் எனக்கு அவ்வளவு நிம்மதி தந்ததில்லை.

இயன்முறை மருத்துவர், திருச்சி:

அம்மா, மருந்துகளைப் பற்றி மேலே விரிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஓய்வா அசைவா, சூடா குளிரா என்னும் உங்கள் இரு கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

இரண்டுக்கும் ஒரே அளவுகோல்தான்: புறங்கையால் மூட்டைத் தொட்டுப் பாருங்கள். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் குளிர்ச்சி பொருத்தமானது. பனிக்கட்டியை நேரடியாகத் தோலில் வைக்காமல் மெல்லிய துணியில் சுற்றி, 10 முதல் 15 நிமிடங்கள் வரை வைத்து எடுத்துவிடுங்கள். சூடும் வீக்கமும் பெரிதாக இல்லாமல் இறுக்கம் மட்டும் மிகுந்திருந்தால் வெதுவெதுப்பான நீர் நல்லது. காலையில் ஓர் அகன்ற பாத்திரத்தில், முழங்கையால் தொட்டுப் பார்த்துப் பொறுக்கக்கூடிய சூட்டில் நீர் எடுத்து, மணிக்கட்டு வரை கைகளை அமிழ்த்தி, நீருக்குள்ளேயே விரல்களை மெல்ல மடக்கி விரியுங்கள். நீரிழிவால் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டையும் குளிரையும் இன்னும் கவனமாகக் கையாள வேண்டும்.

வீங்கிய மூட்டுக்கு ஓய்வு தேவை. ஆனால் முழு உடம்பையும் படுக்கையில் போட்டுவிடுவது அந்த ஓய்வு ஆகாது. ஒரு வாரம் அசையாமல் கிடந்தால் தசைகள் தளர்ந்துவிடும், மூட்டின் மடங்கும் எல்லையும் குறையும். ஆகவே சீற்றம் உச்சத்தில் இருக்கும்போதும் ஒவ்வொரு மூட்டையும் வலி அனுமதிக்கும் எல்லை வரை ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது மெல்ல அசைத்து வையுங்கள். எடை தூக்கும் பயிற்சியும் நீட்டி இழுக்கும் பயிற்சியும் அப்போது வேண்டாம். மூட்டை அசைக்காமல், தசையை மட்டும் ஐந்து விநாடி இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் செய்யலாம். பயிற்சி முடித்து இரண்டு மணி நேரம் கழிந்தும் வலி முன்பிருந்ததைவிடக் கூடுதலாக இருந்தால், செய்தது அதிகம் என்று பொருள். அடுத்த முறை பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் மணிக்கட்டுக்கு அளவெடுத்துச் செய்த பட்டை அணிவது பலருக்கு உதவுகிறது. பகல் முழுவதும் அதையே அணிந்திருந்தால் கை இறுகிவிடும். கால் முட்டி வலிப்பவர்கள் முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அப்போதைக்கு இதமாகத்தான் இருக்கும், ஆனால் நாள் கணக்கில் தொடர்ந்தால் முட்டி மடங்கிய நிலையிலேயே நின்றுவிடும். அதைச் சரிசெய்வது மிகவும் கடினம்.

பொருள்களைப் பிடிக்கும் முறையையும் மாற்றுங்கள். சிறிய மூட்டு சுமக்கும் பாரத்தைப் பெரிய மூட்டுக்கு மாற்றுவதே இதன் அடிப்படை. பாத்திரத்தை விரல் நுனிகளால் தூக்காமல் இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்துங்கள். பையை விரல்களில் தொங்கவிடாமல் தோளிலோ முழங்கை மடிப்பிலோ மாட்டிக்கொள்ளுங்கள். கரண்டிக்காம்பிலும் பேனாவிலும் துணியையோ ஸ்பாஞ்சையோ சுற்றித் தடிமனாக்கினால் விரல்கள் இறுக்கிப் பிடிக்க வேண்டிய தேவை குறையும். நீங்கள் ஆசிரியை என்பதால் சாக்பீஸுக்கும் இதே முறையைச் சொல்கிறேன். அதைச் செருகிப் பிடிக்கும் தடித்த உறைகள் கிடைக்கின்றன.

தேனி மகன்:

உங்கள் மாமியார் சொன்னதற்காகவே இதை எழுதுகிறேன். என் அம்மாவுக்கும் இதே நோய்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று, பெயரோ தயாரிப்பாளர் விவரமோ இல்லாத பொட்டலத்தில் ஒரு பொடி வாங்கிக் கொடுத்தோம். நான்காம் நாளே அம்மா எழுந்து நடந்தார், நாங்கள் கடவுளைக் கண்டதுபோல் மகிழ்ந்தோம். ஆறு மாதத்தில் முகம் உருண்டையாக ஊதியது, அதுவரை இல்லாத சர்க்கரை ஏறியது, தோல் தொட்ட இடமெல்லாம் கன்றிப் போயிற்று. அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று மருத்துவர் ஐயப்பட்டார். அதற்குள் பயந்துபோய் நாங்கள் அதைச் சட்டென்று நிறுத்திவிட்டிருந்தோம். அதனால் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் மிகவும் இறங்கி, மயக்கமுற்று, தீவிர சிகிச்சையில் ஐந்து நாட்கள் இருக்க நேர்ந்தது. நீண்ட நாள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்தால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

நான் சித்த மருத்துவத்தைக் குறை சொல்லவில்லை. அரசு மருத்துவமனைகளிலேயே சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. பட்டம் பெற்ற மருத்துவரிடம், இப்போது எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலைக் காட்டிக் கேட்பது வேறு, பெயரில்லாப் பொட்டலத்தை நம்புவது வேறு. முடக்கத்தான் கீரையைத் தோசையிலும் இரசத்திலும் சேர்த்து அம்மா இன்றும் உண்கிறார். உங்கள் மாமியாரிடமும் அதைச் சமைத்துத் தரச் சொல்லுங்கள். அவருடைய அக்கறைக்கு ஒரு வழி கிடைக்கும், மாத்திரையும் நிற்காது.

குடந்தை ஆசிரியை:

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இன்று காலை மருத்துவமனைக்கு அழைத்தேன். வெள்ளிக்கிழமையே வரச் சொல்லிவிட்டார்கள். பொடியைப் பற்றி எழுதியதை மாமியாரிடம் படித்துக் காட்டினேன். நீண்ட நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, முடக்கத்தான் கொடி கொல்லையில் இருக்கிறதா என்று பார்க்கப் போனார். வெதுவெதுப்பான நீரில் விரல்களை அசைத்ததில் இன்று இறுக்கம் முக்கால் மணி நேரம் முன்னதாகவே விலகியது. இன்னும் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். வீட்டிலேயே பொறுத்துக்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள் எவை?

மதுரை வாசகி:

நல்ல கேள்வி, சகோதரி. இதை நான் அடுக்களைக் கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன், என் கணவரும் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்பதற்காக.

வழக்கமான சீற்றத்தில் பல மூட்டுகள் ஒன்றாக வலிக்கும். அப்படி இல்லாமல் ஒரே ஒரு மூட்டு மட்டும் சில மணி நேரத்தில் சிவந்து, கொதித்து, காய்ச்சலும் நடுக்கமும் வந்தால், அது மூட்டுக்குள் கிருமி புகுந்ததாக இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும், ஏனென்றால் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த மூட்டு அரித்துப்போகும். நம் மருந்துகள் எதிர்ப்பு ஆற்றலைத் தணிப்பதால் காய்ச்சல் அதிகமாகத் தெரியாமலும் போகலாம் என்பதை நினைவில் வையுங்கள். வாயில் புண்கள், நிற்காத காய்ச்சல், காரணமில்லாமல் கன்றிப்போதல், புதிதாக வந்த வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் ஆகியவை மெத்தோட்ரெக்சேட்டின் தீய விளைவாக இருக்கக்கூடும். அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவரைக் கேட்டாக வேண்டும். கண் சிவந்து வலித்தாலும், வெளிச்சம் கூசினாலும், பார்வை மங்கினாலும் கடைச் சொட்டுமருந்து போடாமல் கண் மருத்துவரிடம் போங்கள். நோய் பல ஆண்டு நீடித்த என்னைப் போன்றவர்களுக்குக் கழுத்து எலும்பின் மேல் மூட்டுகளும் பழுதாகலாம் என்பதால், கழுத்து வலியோடு கை கால்கள் மரத்துப்போனாலோ நடை தள்ளாடினாலோ யாரையும் கழுத்தைப் பிடித்துவிட விடக் கூடாது.

இன்னொன்று. சிறுநீர்த் தொற்றுக்கோ பல் வலிக்கோ வேறு மருத்துவரிடம் போனால், மெத்தோட்ரெக்சேட் எடுப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். சிறுநீர்த் தொற்றுக்கு எழுதப்படும் கோட்ரைமாக்சசோல் இதோடு சேர்ந்தால் இரத்த அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். நான் மாத்திரைகளின் பெயர்களை ஒரு சிறிய அட்டையில் எழுதி ஆதார் அட்டையோடு பணப்பையில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை போகும்போது கைகளின் படங்களையும் அந்த அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.