துப்பறியும் கதைப் பிரியரான அப்பாவுக்கு 70 வயது: என்ன பரிசு தரலாம்?

யீஷூன் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அப்பாவுக்கு 70 வயது நிறைகிறது. என்ன வாங்குவது என்று இரண்டு வாரமாக மண்டையைக் குழப்பிக்கொண்டிருக்கிறேன். யோசனை சொல்லுங்கள்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். இங்கே சிங்கப்பூரில் 31 வருஷம் பேருந்து ஓட்டினார். அடுத்த நடைக்குக் காத்திருக்கும் கால் மணி, அரை மணி நேரத்தில் கையில் ஒரு பாக்கெட் நாவல் இருக்கும். கொலையோ, கடத்தலோ, காணாமல் போன வைரமோ, துப்பறிய ஏதாவது இருந்தால் போதும். ஊருக்குப் போய்வரும் சொந்தக்காரர்களிடம் மற்றவர்கள் முறுக்கும் அப்பளமும் கேட்பார்கள். அவர் மாத நாவல் கட்டு கேட்பார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பாதிக் கதை வந்ததும் நிறுத்திவிடுவார். நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், குற்றவாளி யார் என்று எழுதி, மணி போட்டு, நாலாக மடித்துக் கடைசிப் பக்கத்தில் செருகிவிடுவார். கதை முடிந்த பிறகுதான் பிரிப்பார். சரியாக இருந்தால் பென்சிலால் ஒரு டிக். தப்பாக இருந்தால் ஒன்றும் பேசாமல் தே கலக்க எழுந்து போவார். அதற்கென்றே விரல் நீளத்தில் ஒரு பென்சில் வைத்திருக்கிறார். பாதி நேரம் அது காதில்தான் இருக்கும். அலமாரியைத் தூசி தட்டினால் புத்தகங்களிலிருந்து அந்தத் தாள்கள் பொலபொலவென்று விழும்.

முன்பு இரண்டு முறை பரிசு வாங்கிக் கொடுத்தேன். ஒன்று, வாயில் புகைக்குழாயோடு ஒரு துப்பறிவாளர் படம் போட்ட குவளை. இன்னொன்று, பித்தளைப் பிடி வைத்த பூதக்கண்ணாடி. "நல்லா இருக்கும்மா" என்று இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். குவளையில் இப்போது பேனாக்கள் நிற்கின்றன. பூதக்கண்ணாடியை வைத்து அம்மா மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பார்க்கிறார். அப்பாவின் முகம் மலரவில்லை, எனக்கு அதுதான் மனசில் நிற்கிறது.

போன வருஷம் அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது அரை மணி படித்தாலே பொடி எழுத்து சோர்வு தருகிறது என்கிறார். நன்றாக நடப்பார். 100 வெள்ளிக்குள் முடிந்தால் நல்லது. என் மகள் தொடக்கநிலை 5 படிக்கிறாள், தாத்தா பரிசில் தனக்கும் வேலை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

தேக்கா தம்பி:

அக்கா, குவளை, டி-ஷர்ட், சாவிக்கொத்து வகையை விட்டுவிடுங்கள். விளையாட்டு வாங்கிக் கொடுங்கள். எங்கள் வீட்டில் க்ளூடோ ஓடுகிறது, கொலை செய்தது யார், எந்த ஆயுதத்தால், எந்த அறையில் என்று கண்டுபிடிக்கும் பலகை விளையாட்டு. இங்கிலாந்தில் 1949இல் வந்த விளையாட்டு, இன்னும் அலுக்கவில்லை. 6 பேர், 6 ஆயுதம், 9 அறை. பெருக்கிப் பாருங்கள், 324 விடை வரும், அதில் ஒன்றுதான் உறைக்குள் இருக்கும். மூன்று பேராவது உட்கார்ந்தால்தான் சுவை.

பூட்டிய அறையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தப்பிக்கும் விளையாட்டும் இங்கே நிறைய இடங்களில் இருக்கிறது. ஆனால் சில அறைகளில் இருட்டு, சிலவற்றில் தவழ வேண்டும். என் மாமாவைக் கூட்டிக்கொண்டு போய் அவருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. முதலிலேயே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

பழைய புத்தகக்காரன்:

புத்தகமே கொடுக்கலாம், ஆனால் கொடுக்கும் விதம் இருக்கிறது. பிராஸ் பசா வளாகத்தில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன, பெரும்பாலும் ஆங்கிலமும் சீனமும். தமிழுக்கு சிராங்கூன் சாலைப் பக்கம் விசாரியுங்கள். நாலைந்து நாவல் வாங்கி, அட்டை தெரியாமல் தமிழ்ச் செய்தித்தாளில் சுற்றி, சணல் கயிறு கட்டி, மேலே ஒரே ஒரு வரி எழுதுங்கள். "இறந்தவர் இடதுகைக்காரர்" என்பது போல. பெயர் தெரியாமல் தேர்ந்தெடுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

கண் பிரச்சினைக்கு, எழுத்தைப் பெரிதாக்கக்கூடிய மின்வாசிப்பான் நல்லதுதான், உங்கள் பட்ஜெட் தாங்காது. நல்ல வெளிச்சமுள்ள மேசை விளக்கு வாங்குங்கள். பாதிச் சோர்வு விளக்கால்தான் வருகிறது.

ஓய்வுபெற்ற டீச்சர்:

மகளே, உன் கேள்வியை மூன்று முறை படித்தேன். பதில் நீ எழுதியதிலேயே இருக்கிறது. உன் அப்பா துப்பறியும் கதையின் படத்தை ரசிக்கிறவர் இல்லை, துப்பறிகிறவர். மணி போட்டு ஊகம் எழுதி மடித்து வைக்கிற மனிதருக்குக் குவளை எதற்கு? அவருக்கு ஒரு வழக்கு கொடு. அந்த நாட்காட்டித் தாள்களில் ஒன்றைக்கூடத் தூக்கிப் போட்டுவிடாதே.

நான் 28 வருஷம் பள்ளியில் அறிவியல் நடத்தினேன். பேரப்பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் வீட்டிலேயே துப்பு விளையாட்டு வைக்கிறேன். செலவு 20 வெள்ளியைத் தாண்டியதில்லை.

முதலில் மறை மை, அதாவது கண்ணுக்குத் தெரியாத மை. எலுமிச்சைச் சாற்றில் எழுதிச் சூடு காட்டுவது எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். இதைச் செய்து பார். ஒரு கரண்டி ஆப்பசோடாவை ஒரு கரண்டி தண்ணீரில் கலக்கு. காது குடையும் பஞ்சுக்குச்சியால் வெள்ளைத் தாளில் எழுதி நன்றாக உலரவிடு. தாளைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் லேசான சுருக்கம் தெரியும், மற்றபடி வெறும் தாள். அப்புறம் அரைக் கரண்டி மஞ்சள்தூளை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் கரைத்துத் தூரிகையால் தடவு. தாள் முழுக்க மஞ்சளாகும், நீ எழுதிய இடம் மட்டும் செங்கல் நிறத்தில் எழுந்து வரும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் குங்குமம் சிவக்கிறதே, அதே வேலைதான். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். ஸ்பிரிட் பக்கத்தில் நெருப்பு வேண்டாம், சன்னலைத் திறந்து வை.

அடுத்தது சங்கேத எழுத்து. ஆங்கிலத்தில் எழுத்தைத் தள்ளிப்போட்டு எழுதுவார்கள். தமிழில் அதைவிட அழகான வழி தயாராகவே இருக்கிறது. வல்லினத்துக்கு அதன் இன எழுத்தான மெல்லினத்தைப் போடு, மெல்லினத்துக்கு வல்லினத்தைப் போடு: க–ங, ச–ஞ, ட–ண, த–ந, ப–ம, ற–ன. இடையினம் ஆறையும் தொடாதே. "புத்தகத்தின் அடியில் பார்" என்பது "முந்நஙந்நிற் அணியில் மார்" ஆகிவிடும். உன் மகளிடம் கொடு, பத்து நிமிஷத்தில் சரளமாக எழுதுவாள். வகுப்பில் வல்லினம் மெல்லினம் பிடிபடாத பிள்ளைகளுக்குக்கூட இதில் பிடிபட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கைரேகையும் வை. வீட்டில் எல்லாருடைய கட்டைவிரலையும் மைப்பெட்டியில் ஒற்றி ஒரு அட்டை தயார் செய். வளையம், சுழி, வில் என்று மூன்று வகை. 1897இல் கல்கத்தாவில்தான் கைரேகைக்கென்று முதல் அலுவலகம் வந்தது, பிறகுதான் லண்டன் போலீஸ் எடுத்துக்கொண்டது. இதை அப்பாவிடம் சொல், ரசிப்பார். பூதக்கண்ணாடியை அம்மாவிடமிருந்து ஒரு நாள் கடன் வாங்கிக்கொள்.

கடைசியாக, அவரை வெளியே கூட்டிப்போகலாம் என்றால் தேசிய அரும்பொருளகம். சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரக் கல் ஒன்று இருந்தது. அதில் 50 வரி அளவுக்கு எழுத்து. 1843இல் வெடி வைத்து உடைத்துவிட்டார்கள். மிஞ்சிய ஒரு துண்டுதான் சிங்கப்பூர்க் கல். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை யாரும் முழுசாகப் படிக்கவில்லை. சோழர் பட்டமான பரகேசரியின் ஒரு பகுதி அதில் இருக்கலாம் என்று ஓர் ஆய்வாளர் கருத்துச் சொல்லியிருக்கிறார். இந்த ஊரில் இதைவிடப் பெரிய மர்மம் எது? ஸ்டாம்ஃபர்ட் சாலையில் அந்தக் கட்டடம் திறந்தது 1887இல். ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலில் அச்சில் வந்ததும் அதே வருஷம். புதுப்பிப்பு வேலை நடந்ததால், கல் காட்சியில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்பு.

யீஷூன் மகள்:

டீச்சர், நன்றி. படித்ததும் கண் கலங்கிவிட்டது. அவரைத் துப்பறிகிறவர் என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. மகள் இப்போது வீட்டு ரேஷன் பட்டியலைக்கூட "மரும்மு, உம்மு" என்று எழுதுகிறாள். பருப்பும் உப்பும்தான்.

ஒரு சந்தேகம். குற்றம் என்னவாக இருக்கலாம்? பிறந்தநாள் அன்று கொலை, இரத்தம் எல்லாம் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார்.

தேக்கா தம்பி:

எதையாவது காணாமல் போகச் செய்யுங்கள் அக்கா. அன்றாடம் அவர் கைபடும் பொருளாக இருக்கட்டும்.

பழைய புத்தகக்காரன்:

தம்பி சொல்வது சரி. கண்ணாடி, மாத்திரை, கைப்பேசியை மட்டும் எடுக்காதீர்கள். வயதானவர் நிஜமாகவே பதறிவிடுவார். துப்பு ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். ஒன்று அடைத்துக்கொண்டால் உதவ ஒரு மாற்றுத் துப்பு பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற டீச்சர்:

துப்புகளைப் பெரிய எழுத்தில், கறுப்பு மையில் எழுது. சுருக்கக் கையெழுத்து வேண்டாம். சங்கேதம் கடினமாக இருக்கலாம், படிப்பது கடினமாக இருக்கக்கூடாது. ஒரு துப்பாவது அவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றில் இருக்கட்டும்.

யீஷூன் மகள்:

பிறந்தநாள் முடிந்து நாலு நாள் ஆகிறது. என்ன நடந்தது என்று சொல்லாவிட்டால் தப்பு.

பென்சிலைத்தான் எடுத்தோம். காலை ஒன்பது மணிக்கு, செய்தித்தாள் படிக்க உட்கார்ந்தவர் காதைத் தடவினார். இல்லை. சட்டைப் பை, அலமாரி, சோஃபா இடுக்கு எல்லாம் பார்த்தார். அம்மா சமையலறையில் கேசரி கிளறிக்கொண்டிருந்தார். அப்போது மகள் போய் வெள்ளைத் தாள் ஒன்றையும் மஞ்சள் கரைத்த கிண்ணத்தையும் மேசையில் வைத்தாள். அப்பா தாளை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தூரிகையை எடுத்து, வலது ஓரத்திலிருந்து மெதுவாகத் தடவ ஆரம்பித்தார். முதல் எழுத்து சிவந்து மேலே வந்தபோது அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

சங்கேத எழுத்தை நாலே நிமிஷத்தில் உடைத்தார். கைரேகை அட்டையை வைத்துக்கொண்டு எங்கள் எல்லாருடைய கட்டைவிரலையும் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பக்கத்து வீட்டு அங்கிளின் விரலைக்கூட விடவில்லை. அவருக்கு மட்டுமே தெரிந்த துப்பு வேண்டும் என்று டீச்சர் சொன்னீர்களே, அதற்காக ஒரு தாளில் வெறும் ஐந்து இலக்க எண் எழுதியிருந்தேன். இங்கே ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்துக்கும் ஓர் எண் உண்டு. மற்றவர்கள் கைப்பேசியில் தேட வேண்டும். அவர் ஒரு முறை பார்த்தார், செருப்பைப் போட்டுக்கொண்டார். முதன்முதலில் தனியாக வண்டி ஓட்டிய தடத்தின் கடைசி நிறுத்தம் அது. அங்கே என் கணவர் பென்சில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். டப்பாவுக்குள் பென்சில் இல்லை, அடுத்த துப்பு இருந்தது.

மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்குத் திரும்பி, நேராக அம்மாவிடம் போய்க் கை நீட்டினார். அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தார்.

அப்புறம்தான் அப்பா மேசைக்குப் போனார். காலையில் குடித்த தே தம்ளருக்கு அடியில் நாலாக மடித்த நாட்காட்டித் தாள் ஒன்று இருந்தது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. குவளையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து அப்போதே எழுதியிருக்கிறார். பிரித்துக் காட்டினார். "9.20. உன் அம்மா" என்று இருந்தது. முதல் துப்பைப் பார்ப்பதற்கு முன்னாலேயே!

எப்படிப்பா என்று கேட்டேன். "பென்சிலக் காணோம்னு நான் தேடினா, 'வச்ச எடத்துல வச்சாத்தானே'ன்னு உங்கம்மா ஒரு வார்த்தையாவது சொல்லுவா. இன்னைக்குச் சொல்லல" என்றார்.

"அப்ப எதுக்கு வெயில்ல அவ்வளவு தூரம் போனீங்க?"

"நீங்க எப்படித் துப்பு போட்டிருக்கீங்கன்னு பாக்க வேணாமா?"

சொல்லிவிட்டு, கையில் வாங்கிய பென்சிலால் அந்தத் தாளில் ஒரு டிக் போட்டார். தாளைப் பேத்தியிடம் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.